பல் கூச்சம்: மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "பல்லு கூசுதுண்ணா, நல்ல பேஸ்ட்டா ஒண்ணு குடுங்க" என்று யாராவது வந்து நிற்காத நாள் குறைவு. மாங்காய் சீசனில் இன்னும் அதிகம். பேஸ்ட்டை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவது சுலபம்தான். ஆனால் சிலருக்கு அந்தப் பேஸ்ட் தேவையே இருக்காது, சிலருக்கு அது போதவே போதாது. பின்னால் நாலு பேர் சீட்டோடு நிற்கும்போது இதையெல்லாம் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். நான் மருந்தாளுநர், பல் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போயே தீர வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

பல்லு கல்லு மாதிரி தானே இருக்குது, அதுக்கு எப்படிங்க கூச்சம் வருது?

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதிக்கு எனாமல் என்று பெயர். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதில் நரம்பு கிடையாது, அதனால் உணர்ச்சியும் கிடையாது. அதற்கு உள்ளே டென்டின் என்று கொஞ்சம் மஞ்சளான ஓர் அடுக்கு இருக்கிறது. நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள கூழ்ப் பகுதி. ஈறுக்குள் புதைந்திருக்கும் வேர்ப் பகுதியில் எனாமல் இல்லை. சிமென்டம் என்ற மெல்லிய பூச்சு மட்டும்தான் உண்டு, அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பின் வெட்டு முனையைப் பார்த்திருப்பீர்கள், புள்ளி புள்ளியாகத் துளைகள் தெரியும். டென்டினும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத அளவில். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள் உண்டு, எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ டென்டின் வெளியே வந்துவிட்டால், குளிர்ச்சியோ காற்றோ இனிப்போ பட்டதும் அந்த நீர் அசையும். அசைவு உள்ளே இருக்கும் நரம்பைத் தொடும். அதுதான் அந்தச் 'சுருக்'. 1960-களில் சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் இதை ஆராய்ந்து விளக்கினார். இன்றும் பல் மருத்துவத்தில் பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் இதுவே.

எனக்கு இருக்கிறது கூச்சமா, பல் வலியா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கூச்சம் என்பது ஏதாவது பட்டால் வரும், பட்டது விலகியதும் சில நொடிகளில் போய்விடும். ஐஸ் தண்ணீர் குடித்தால் 'சுருக்', விழுங்கியதும் சரி. பெரும்பாலும் ஒரு பல்லில் மட்டும் இல்லாமல் பக்கத்துப் பற்கள் இரண்டு மூன்றிலும் இருக்கும்.

ஒன்றும் படாமலே தானாக வலிப்பது, குளிர்ந்ததைக் குடித்து முடித்து அரை நிமிடம் தாண்டியும் விண்விண் என்று தெறிப்பது, ராத்திரி படுத்ததும் கூடுவது, சூடு பட்டால் வலித்துத் தண்ணீர் பட்டால் அடங்குவது, இதெல்லாம் கூச்சம் இல்லை. உள்ளே நரம்பு வரைக்கும் சங்கதி போய்விட்டது என்று அர்த்தம். கன்னம் வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இதற்கெல்லாம் பேஸ்ட் கேட்டால் நான் தருவதில்லை. "வியாபாரம் பண்ணத் தெரியாத ஆளு" என்று ஒரு பெரியவர் திட்டிவிட்டே போனார்.

திடீர்னு ஏன் வருது? போன வருஷம் வரைக்கும் ஐஸ்கிரீமைக் கடிச்சே சாப்பிட்டேன்.

திடீரென்று தெரிய வந்தது என்பதே சரி. தேய்மானம் பல வருடமாக நடந்துகொண்டிருக்கும். எனாமல் பல்லின் நுனியில் தடிமனாகவும் ஈறு ஓரத்தில் மிக மெல்லியதாகவும் இருக்கும். அந்த மெல்லிய ஓரம் என்றைக்குத் தேய்ந்து தீர்கிறதோ அன்றைக்குக் கூச்சம் ஆரம்பம். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கே இது அதிகம். வயது ஏற ஏற உள்ளே இருக்கும் நரம்புப் பகுதி சுருங்கி, டென்டின் தடித்துவிடும். அதனால்தான் பொக்கைவாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்ட தாத்தா நுங்கை ஐஸில் போட்டுச் சாப்பிடுகிறார், பேரன் முகத்தைச் சுளிக்கிறான்.

முக்கியமான காரணங்கள்: அழுத்தித் தேய்ப்பது, ஈறு இறங்குவது, புளிப்பு அரிப்பது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பது சகஜம்.

ஒரு நாளைக்கு மூணு தடவை நல்லா அழுத்தித் தேய்க்கிறேனுங்க. எனக்குப் போய் ஏன் வரணும்?

அழுத்தித் தேய்ப்பதால்தான். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். கோரைப் பல்லும் அதற்கு அடுத்த இரண்டும்தான் முதலில் அடிவாங்கும். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், அந்தப் பக்கம்தான் கைக்கு விசை கூடுதல். விரல் நகத்தைப் பல்லின் நடுவில் வைத்து ஈறை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். ஈறு ஓரத்தில் நகம் ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால் பல்லின் கழுத்து தேய்ந்துவிட்டது. கொஞ்சம் மஞ்சளாகவும் தெரியும், தொட்டால் கூசும்.

பிரஷ்ஷைப் பார்த்தாலும் தெரியும். வாங்கி ஒரு மாதம் ஆவதற்குள் தூரிகை இரண்டு பக்கமும் மல்லாந்துவிட்டதா? கை கனம் என்று அர்த்தம். எங்கள் கடையில் 'ஹார்டு' பிரஷ் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாசல் கல்லைத் தேய்க்க வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்போ எப்படித்தான் தேய்க்கணும்?

'சாஃப்ட்' அல்லது 'எக்ஸ்ட்ரா சாஃப்ட்' என்று அட்டையில் போட்டிருக்கும் பிரஷ். முஷ்டியாகப் பிடிக்காமல் பேனா பிடிப்பது போல மூன்று விரலில் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் போதும். மூன்றாவது தடவை கட்டாயமில்லை, சாப்பிட்ட பிறகு வாய் கொப்பளித்தால் சரி. கூசுகிறது என்று அந்தப் பல்லைத் தேய்க்காமல் விட்டுவிடாதீர்கள். அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் இறங்கும்.

பல்பொடி, செங்கல்தூள், சாம்பல், கரித்தூள், உப்பு... எங்க பாட்டி இதுல தானே தேய்ச்சாங்க, எண்பது வயசு வரைக்கும் பல்லு கொட்டலையே?

பாட்டியின் பல் கொட்டவில்லை, சரி. தேயாமல் இருந்ததா என்று யாராவது பார்த்தோமா? சொரசொரப்பான எந்தத் தூளும் எனாமலை அறுக்கும், விரலால் தேய்த்தாலும். சிவப்புப் பல்பொடிகள் சிலவும் நறநறவென்றுதான் இருக்கின்றன. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், மணல் தட்டினால் வாயில் போடாதீர்கள். இப்போது பெரிய விலைக்கு வரும் கரிப் பேஸ்ட்டும் அந்த வகையில்தான் சேர்த்தி.

வேப்பங்குச்சியை, ஆலங்குச்சியை நான் திட்டமாட்டேன். நுனியை நன்றாக மென்று பஞ்சாக்கிக்கொண்டு மெதுவாகத் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. பாதி மென்ற குச்சியை வைத்துக்கொண்டு, பேச்சு முடியும் வரை அரை மணி நேரம் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பார்களே, அங்கேதான் ஈறு இறங்குகிறது.

எங்க ஊர்ல பாதிப் பேருக்குப் பல்லு காவி நிறமா இருக்குது. அந்தக் கறையாலதான் கூச்சம் வருதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் பாறையிலேயே ஃப்ளூரைடு இருக்கிறது, அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் அதிகபட்சம் 1.5. அதற்கு மேல் உள்ள தண்ணீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், தொடர்ந்து குடித்தால் எனாமலில் வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், காவிக் கறை விழும். பெரியவரான பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் புதிதாகக் கறை வராது. எலும்புக்கும் மூட்டுக்கும் வேறு தொந்தரவு வரும், அது தனிக் கதை. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம். அதற்கு முன்னால் போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கு இருபதைத் தாண்டியவர்கள், கூச்சம் வரும் வயதும் அதுதான்.

வெறும் கறை மட்டும் இருந்தால் அது கூச்சத்தைத் தராது. கறை கடுமையாகி எனாமலில் குழி விழுந்து, ஓரம் உதிரும் பற்களில் கூச்சம் வரலாம். ஆனால் நான் கடையில் அதிகம் பார்ப்பது வேறு. கல்யாணம் பேசும் நேரத்தில், வேலைக்கு இன்டர்வியூ போகும் நேரத்தில், அந்தக் காவியைப் போக்கிவிட வேண்டும் என்று பொடியும் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்தேய் என்று தேய்க்கிறார்கள். கறை எனாமலுக்குள்ளே இருக்கிறது, மேலே ஒட்டியில்லை. தேய்த்தால் போவது எனாமல்தான், கறை அப்படியே நிற்கும். தண்ணீர் தந்தது கறையை, கூச்சத்தைத் தந்தது அதை மறைக்கப் பட்ட பாடு. நம் மாவட்டத்துக் கூச்சத்தில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம்.

சந்தையில ஒரு ஆள் பஞ்சுல மருந்து தொட்டுத் தடவினான், கறை உடனே போச்சு. அதை வாங்கலாமா?

வேண்டாம். உடனே வெள்ளையாக்கும் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஆசிட். மேல்தோலை அரித்துவிட்டு வெள்ளை காட்டும், அந்த வாரமே டீ குடிக்க முடியாது. ஃப்ளூரைடு கறைக்குப் பல் டாக்டரிடம் வழி இருக்கிறது. லேசான கறைக்கு அளவோடு மேற்பரப்பைச் சுத்தம் செய்வது, கொஞ்சம் அதிகமானால் பல் நிறப் பூச்சு, கடுமையானால் மேலுறை. பணம் இல்லாவிட்டால் கறையோடு இருப்பது ஒன்றும் குற்றமில்லை.

மாங்காய், புளி தின்னா ரெண்டு நாளைக்குச் சோறு கூட மெல்ல முடியலை. அது ஏன்?

எனாமல் புளிப்பில் கரையும். புளிப்பை பிஎச் என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். வாயின் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறும் கோலாவும் 2.5-ஐ ஒட்டி நிற்கும். டென்டின் இன்னும் சீக்கிரம் கரையும். மேலே சொன்ன நுண்குழாய்களின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும் பொடிப் படலம் புளிப்பில் கழுவிப் போய்விடும், குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். அதனால்தான் ஒரு பல் என்றில்லாமல் வரிசை முழுக்கக் கூசுகிறது. எச்சில் மெதுவாக அதைச் சரிசெய்யும், ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும்.

எவ்வளவு தின்றோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தோம் என்பதே பெரிய விஷயம். புளி தட்டும் வேலைக்குப் போகும் அக்காக்கள் ஒரு துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மதியம் வரை சப்புவார்கள். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள் தூக்கம் வராமல் இருக்க ஒரு கோலா பாட்டிலை வைத்துக்கொண்டு விடியும் வரை உறிஞ்சுகிறார்கள். இருவர் பல்லிலும் நடப்பது ஒன்றுதான். மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் போட்டு ஒரே நேரத்தில் தின்று முடித்து, தண்ணீரில் கொப்பளித்துவிடுங்கள். தின்ற கையோடு பல் தேய்க்காதீர்கள். புளிப்பில் இளகியிருக்கும் எனாமல் பிரஷ் பட்டால் அறுந்து போகும். அரை மணி நேரம் போகட்டும்.

களி, கூழ் சாப்பிடலாமா? புளிச்ச கூழ்னா பயமா இருக்குது.

தாராளமாக. ராகிக் களியை மெல்லப் போவதே இல்லை, உருட்டி விழுங்குகிறோம். கூழிலும் மோரிலும் உள்ள புளிப்பு லேசானது, நிற்காமல் இறங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு களியைப் போட்டு உடனே பானைத் தண்ணீர் குடிப்பது மட்டும் கூசும் பல்லுக்குக் கஷ்டம்.

கூச்சத்துக்குன்னு விக்கிற பேஸ்ட் நிஜமாவே வேலை செய்யுமா? விலை மட்டும் ரெண்டு மடங்கு.

செய்யும், சரியான ஆளுக்கு, சரியாகப் பயன்படுத்தினால். இரண்டு வகை உண்டு. ஒன்று பொட்டாசியம் நைட்ரேட் உள்ளது, 5 சதவீதம் என்று அட்டையில் இருக்கும். நரம்பு சட்டென்று எகிறாமல் அடக்கி வைக்கும். (இது வேறொன்றும் இல்லை, வெடியுப்புதான். அதற்காகக் கடையில் வெடியுப்பை வாங்கித் தேய்த்துவிடாதீர்கள்.) இன்னொரு வகை அந்தக் குழாய்களின் வாயை அடைப்பது. ஸ்டானஸ் ஃப்ளூரைடு, ஆர்ஜினின், ஸ்ட்ரான்ஷியம் என்று உட்பொருள் பட்டியலில் பாருங்கள். எந்தக் கம்பெனி என்று என்னைக் கேட்பதைவிட அந்தப் பட்டியலைப் படிப்பது நல்லது.

ரெண்டு வாரம் போட்டேன், ஒண்ணும் தெரியலை. காசு வேஸ்ட்டா?

பொட்டாசியம் நைட்ரேட் உடனே தெரியாது. காலையும் இரவும் விடாமல் போட்டால் இரண்டிலிருந்து நாலு வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும், சிலருக்கு இரண்டு மாதம் கூட ஆகும். கூசும்போது மட்டும் எடுத்துத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது தலைவலி மாத்திரை இல்லை. தேய்த்து முடித்ததும் வாய் நிறையத் தண்ணீர் விட்டு நாலு தடவை கொப்பளிப்பதும் வீண். நுரையைத் துப்பினால் போதும். ராத்திரி பல் தேய்த்த பிறகு பட்டாணி அளவு பேஸ்ட்டை விரலில் எடுத்துக் கூசும் இடத்தில் தடவிவிட்டுப் படுத்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் சரியாகச் செய்து இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லையா? அப்போது பேஸ்ட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், பல்லைக் காட்டிவிடுங்கள்.

குறைஞ்சிடுச்சு, இனி நிறுத்திடலாமா?

நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. தொடர்ந்து பயன்படுத்துவதில் பெரியவர்களுக்குப் பயமில்லை. கை கனத்தையும் புளிப்பையும் குறைத்துக்கொண்டவர்கள் சாதாரண ஃப்ளூரைடு பேஸ்ட்டுக்கு மாறிப் பார்க்கலாம். கூசினால் திரும்பிக்கொள்ளுங்கள்.

நம்ம தண்ணியிலேயே ஃப்ளூரைடு ஜாஸ்தி. அப்புறம் ஃப்ளூரைடு பேஸ்ட் வேற எதுக்கு?

நல்ல கேள்வி, இதை ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்டார். கறை வருவது விழுங்கும் ஃப்ளூரைடால், அதுவும் பல் உருவாகும் வயதில். பேஸ்ட்டில் இருப்பது பல்லின் மேற்புறத்தில் வேலை செய்வது, துப்பிவிடுகிறோம். நம் நாட்டில் பேஸ்ட்டில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கைத் தாண்டக் கூடாது என்று விதி உண்டு. பெரியவர்கள் பயப்படாமல் பயன்படுத்தலாம், கூச்சத்துக்கும் சொத்தைக்கும் அது தேவை.

குழந்தைகள் விஷயம் வேறு. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். பக்கத்தில் நின்று துப்ப வையுங்கள். ஸ்ட்ராபெர்ரி வாசனை பேஸ்ட்டை நக்கித் தின்னும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் இன்னமும் போர்த் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், சின்னப் பிள்ளைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு எடுத்துவிடும்.

கிராம்பு எண்ணெய் வெச்சா சரியாயிடுமா? கொய்யா இலை, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு?

கிராம்பு எண்ணெயில் யூஜினால் இருக்கிறது, கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். சொத்தைப் பல் வலிக்கு டாக்டரிடம் போகும் வரை ஒரு சொட்டு பஞ்சில் தொட்டு வைக்கலாம். கூச்சத்துக்கு அது மருந்து இல்லை. ஈறில் பட்டால் வெந்துபோகும். நல்லெண்ணெய், கொய்யா இலை கெடுதல் செய்யாது. திறந்திருக்கும் குழாய்களை அவை அடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் ஈறு வீக்கத்துக்கு இதம்.

ஒரு மாத்திரை குடுங்கண்ணா, போதும்.

கூச்சத்துக்கு மாத்திரை கிடையாது. ஆன்டிபயாடிக் என்பது கிருமித் தொற்றுக்கு, அதையும் டாக்டர் பார்த்து எழுத வேண்டும். வலி மாத்திரை போட்டுப் போட்டு நாளைக் கடத்தினால், அடைத்துக் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டி வரும்.

பல் க்ளீன் பண்ணினதுக்கு அப்புறம்தான் கூச்சமே வந்துச்சு. டாக்டர் எனாமலைச் சுரண்டிட்டாரா?

இந்தக் கோபத்தோடு வருபவர்கள் நிறைய. ஈறு ஓரத்தில் படிந்திருந்த காரை, வேரின் மேல் ஒரு மூடியாக உட்கார்ந்திருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இறங்கியிருந்த ஈறும் வெளியே வந்த வேரும் தெரிகின்றன. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். அதுவரை கூச்சப் பேஸ்ட், மிதமான சூட்டில் சாப்பாடு. காரையை எடுக்காமல் விட்டால்தான் எலும்பு கரைந்து பல் ஆடும்.

வெத்தலை பாக்கு, ஹான்ஸ் போடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதா?

இருக்கிறது. பாக்கு கடினமானது, வருடக்கணக்கில் மென்றால் கடைவாய்ப் பல்லின் மேல்பரப்பு மழுங்கித் தட்டையாகி டென்டின் தெரியும். சுண்ணாம்பு, புகையிலை ஒதுக்கி வைக்கும் இடத்தில் ஈறு இறங்கும். புகையிலைக்கு வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. அங்கே ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கூச்சத்தை மறந்துவிட்டு உடனே காட்டுங்கள்.

மாசமா இருக்கேன், தினமும் வாந்தி. பல்லெல்லாம் கூசுது. பேஸ்ட் போடலாமா?

போடலாம்மா. வாந்தியில் வரும் வயிற்று அமிலம் மாங்காயைவிடக் கடுமையானது. வாந்தி எடுத்ததும் பிரஷ்ஷைத் தேடாதீர்கள், ஏன் என்று மாங்காய் பதிலில் இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், அரை மணி கழித்துத் தேய்க்கலாம். கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் வருவதும் உண்டு, பல் டாக்டரைப் பார்க்கத் தடை ஏதும் இல்லை. மாசமாக இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுக்கரிப்பு உள்ளவர்களுக்கும் இதே கதைதான். மேல் முன்பற்களின் உட்பக்கம், நாக்குப் படும் பக்கம், வழவழவென்று தேய்ந்திருந்தால் வயிற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு பல்லு மட்டும். கடிக்கும்போது ஒண்ணும் இல்லை, விடும்போதுதான் உயிர் போகுது.

கடித்து விடும்போது வெட்டும் வலி வந்தால் பல்லில் விரிசல் இருக்கலாம். சோற்றில் கல்லைக் கடித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் அந்தப் பல்லில் பழைய பெரிய அடைப்பு இருக்கும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் பல நேரம் தெரியாது. டாக்டர் ஒவ்வொரு முனையாகக் கடிக்க வைத்துக் கண்டுபிடிப்பார். அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டுச் சீக்கிரம் போங்கள், விரிசல் வேர் வரை இறங்கிவிட்டால் பல்லைக் காப்பாற்ற முடியாது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிர்ல மேல் கடைவாய்ப் பல்லு மொத்தமும் வலிக்குது. கூச்சம்தானே?

குளிர் காற்று வாயில் பட்டால் மட்டும் என்றால் கூச்சம். சளி பிடித்திருக்கிறது, மூக்கடைப்பு, குனிந்தால் கன்னம் கனக்கிறது, இரண்டு மூன்று மேல் கடைவாய்ப் பற்கள் ஒன்றாக மந்தமாக வலிக்கின்றன என்றால் சைனஸ் ஆக இருக்கலாம். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸ் அறைக்கு அடியிலேயே இருக்கிறது. சளி போனால் அதுவும் போகும்.

வேர் சிகிச்சை பண்ணின பல்லு ஐஸ் தண்ணிக்குக் கூசுது. நரம்பையே எடுத்தாச்சே?

நரம்பில்லாத பல் குளிருக்குக் கூசாது. பெரும்பாலும் பக்கத்துப் பல்லாக இருக்கும், எது என்று நமக்குத் தடுமாறும். சில சமயம் ஒரு கிளை வேர் விடுபட்டிருக்கலாம். சிகிச்சை செய்த டாக்டரிடமே திரும்பப் போங்கள். புதிதாக அடைத்த பல் சில வாரம் கூசுவது வேறு, அது இயல்பு. ஆனால் கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறது, அஞ்சு நிமிடத்தில் சரிசெய்து தருவார்கள்.

ஆறு மாசமா கூசி, அப்புறம் ராத்திரியெல்லாம் வலிச்சு, இப்போ தானா நின்னுடுச்சு. நல்லாயிடுச்சுன்னு வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ள வேண்டாம். வெறும் கூச்சம் மெதுவாகக் குறைந்தால், பல் உள்ளேயிருந்து புதிய டென்டினைப் போட்டுத் தன்னைக் காத்துக்கொண்டது என்று சொல்லலாம். கடுமையாக வலித்துச் சட்டென்று நின்றால் நரம்பு செத்திருக்க வாய்ப்பு அதிகம். சில வாரமோ மாதமோ கழித்து அதே இடத்தில் சீழ்க் கட்டி வரும். வலி இல்லாதபோதே எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

டாக்டர்கிட்ட போனா என்ன பண்ணுவாங்க? செலவு எவ்வளவு ஆகும்? பயமா இருக்குது.

முதலில் காற்றை ஊதியும் கருவியின் முனையால் தொட்டும் எந்தப் பல் என்று பார்ப்பார்கள். சாதாரணக் கூச்சமென்றால் ஃப்ளூரைடு வார்னிஷ் அல்லது ஒரு பிசின் பூச்சு, ஊசி கூட இருக்காது. நகம் தட்டும் அந்தப் பள்ளம் ஆழமாக இருந்தால் பல் நிறத்தில் அடைத்துவிடுவார்கள். ஈறு மிகவும் இறங்கியிருந்தால் ஈறு ஒட்டும் சிகிச்சை. தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டும் உறை. வேர் சிகிச்சை கடைசியில்தான், எதற்கும் அடங்காத பல்லுக்கு.

செலவு இடத்துக்கு இடம் மாறும். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குக் காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள், கூட்டம் இருக்கும். சேலம், பெங்களூரு பக்கம் போக முடிந்தவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு குறைவாக முடியும், மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை உண்டு, நேரம் மட்டும் கூட ஆகும். போகும்போது இப்போது பயன்படுத்தும் பிரஷ்ஷையும் பொடியையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தச் சீட்டையும்.